ஆணுறை கிழிந்துவிட்டதா? அடுத்த 5 நாள்களில் செய்ய வேண்டியவை

ஆணுறை கிழிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் அவசர கருத்தடை மாத்திரை போட வேண்டும் என்று எல்லோரும் எங்கேயாவது கேள்விப்பட்டிருப்பார்கள். சிக்கல் அந்த 72-இல்தான் தொடங்குகிறது. கரண்ட் பில் கட்டக் கடைசித் தேதி மாதிரி அதை எடுத்துக்கொண்டு, இன்றைக்கு ஞாயிறு, நாளைக்கு ஆபீஸ், நாளை மறுநாள் போகலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 1998-இல் வெளியானது. முதல் 24 மணி நேரத்துக்குள் மாத்திரை எடுத்த பெண்களிடம், மாத்திரை இல்லாவிட்டால் உண்டாகியிருக்கக்கூடிய கர்ப்பங்களில் 95 சதவீதம் தடுக்கப்பட்டது. இரண்டாம் நாள் எடுத்தவர்களிடம் 85 சதவீதம். மூன்றாம் நாள் எடுத்தவர்களிடம் 58 சதவீதம்தான். மருந்து ஒன்றேதான், போட்ட நேரம்தான் வேறு.

அதனால் இந்த வழிகாட்டியை நேர வரிசையிலேயே எழுதுகிறேன். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், ஆகாதவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். இப்போதுதான் நடந்து, பதற்றத்தோடு படிக்கிறீர்கள் என்றால் மாத்திரை பற்றிய பகுதிக்கு நேராகப் போங்கள். மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

அந்த நேரத்தில்

பாதியில் கிழிந்தது தெரிந்தால் உடனே நிறுத்தி வெளியே எடுத்துவிடுங்கள். விந்து இன்னும் வரவில்லை என்றால் கர்ப்ப வாய்ப்பு குறைவு. ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. முன்னதாகக் கசியும் நீரிலும் சிலருக்கு விந்தணு இருக்கும்.

முடிந்த பிறகு சந்தேகம் வந்தால், ஆணுறையைக் குப்பையில் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். முனை கிழிந்திருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் குழாயடியில் தண்ணீர் பிடித்து, வாய்ப்பக்கத்தை முறுக்கி லேசாக அழுத்துங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் தண்ணீர் சொட்டும். அடியில், வளையத்துக்குப் பக்கத்தில் சின்னதாகக் கிழிந்து, விந்து முழுவதும் முனையிலேயே தேங்கி நின்றால் ஆபத்து குறைவுதான். முனை கிழிந்தாலோ, ஆணுறை உள்ளே கழன்றுவிட்டாலோ, ஆணுறையே போடாத மாதிரிதான் கணக்கு.

கழன்று உள்ளேயே தங்கிவிட்டால் பலர் பயந்து நடுங்கிவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம். கர்ப்பப்பையின் வாய் மிகச் சிறியது, ஆணுறை அதைத் தாண்டி உள்ளே போக முடியாது. கையை நன்றாகக் கழுவிவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தால் வந்துவிடும். வரவில்லை என்றால் லேடி டாக்டரிடம் போங்கள், அவர்களுக்கு அது ஒரு நிமிட வேலை.

அடுத்தது, கழுவுவது. வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவலாம், சிறுநீர் கழிக்கலாம். அதனால் சிறுநீர்த் தொற்று வரும் வாய்ப்பு குறையலாம், ஆனால் கர்ப்பம் தடுக்கப்படாது. உள்ளே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவது, டெட்டால், சோப்பு, எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். விந்தணு சில நிமிடங்களிலேயே கர்ப்பப்பை வாய்க்குள் நுழைந்துவிடும், நீங்கள் ஊற்றுவது அதை எட்டாது. அந்த இடம் புண்ணாவதுதான் மிச்சம்.

தூங்கப் போகும் முன் போனில் இரண்டு விஷயத்தைக் குறித்துவையுங்கள்: இது நடந்த தேதியும் மணியும் ஒன்று, கடைசியாக மாதவிலக்கு தொடங்கிய தேதி இன்னொன்று. இனிமேல் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இந்த இரண்டையும்தான் கேட்பார்கள்.

கர்ப்பம் ஆக எவ்வளவு வாய்ப்பு?

ஒரு முறை நடந்த உறவால் கர்ப்பம் ஆகுமா என்பது, அது மாதவிலக்குச் சுழற்சியின் எந்த நாளில் நடந்தது என்பதைப் பொறுத்தது. கருமுட்டை வெளிவந்த பிறகு ஒரு நாள்கூட முழுதாகத் தாங்காது, 12 முதல் 24 மணி நேரம்தான். விந்தணு உடம்புக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். ஆக, முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய 5 நாளும் சேர்ந்து 6 நாள்தான் கர்ப்பம் ஆகக்கூடிய காலம். இந்த 6 நாளுக்குள் பாதுகாப்பில்லாமல் ஒரு முறை உறவு நடந்தால், நாளைப் பொறுத்து 100-க்கு 10 முதல் 30 வரை வாய்ப்பு உண்டு. முட்டை வெளிவரும் நாளை நெருங்க நெருங்க அது கூடும்.

அந்த நாளை அடுத்த மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். முட்டை வெளிவந்து ஏறக்குறைய 14 நாளில் மாதவிலக்கு வரும். உதாரணத்துக்கு, உங்களுக்கு 3-ஆம் தேதி மாதவிலக்கு வந்தது, சுழற்சி 28 முதல் 30 நாள் என்று வைத்துக்கொள்வோம். முட்டை 17-ஆம் தேதியிலிருந்து 19-ஆம் தேதிக்குள் வெளிவரலாம். அப்படியானால் 12 முதல் 20 வரை கவனமான நாள்கள்.

இந்தக் கணக்கை வைத்து ‘நமக்கு இது சேஃப் நாள்’ என்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள். காய்ச்சல், பயணம், தூக்கமில்லாத பரீட்சை வாரம், எது வேண்டுமானாலும் முட்டை வெளிவரும் நாளை முன்பின்னாக்கிவிடும். பி.சி.ஓ.டி. உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கே ஒத்துவராது. கர்ப்பம் வேண்டாம் என்பது உறுதியென்றால் எந்த நாளாக இருந்தாலும் மாத்திரை போட்டுவிடுவதே நல்லது.

கவலையே வேண்டாத சிலரும் உண்டு. காப்பர் டி (கர்ப்பப்பைக்குள் வைக்கும் சின்னச் செம்புக் கருவி) போட்டிருப்பவர்கள், தினசரி கருத்தடை மாத்திரையை நாள் தவறாமல் எடுப்பவர்கள், கருத்தடை ஆபரேஷன் ஆனவர்கள். குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்மார்கள் மட்டும் இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். பால் கொடுத்தால் கரு தங்காது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது ஓரளவுக்குத்தான் சரி. குழந்தைக்கு 6 மாதம் ஆகவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறீர்கள், மாதவிலக்கு இன்னும் வரவில்லை என்ற மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அது செல்லும். ஒரு வேளை புட்டிப்பால் வழக்கமாகிவிட்டாலும் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

மாத்திரை

அவசர கருத்தடை மாத்திரை என்பது லெவோனார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை. ஐ-பில், அன்வான்டட் 72 என்ற பெயர்களில் சுமார் 100 ரூபாய்க்குக் கிடைக்கும். கிடைத்தவுடன் போட்டுக்கொள்ள வேண்டும். ‘சாப்பிட்டுவிட்டுப் போடலாம்’, ‘காலையில் வெறும் வயிற்றில் போடலாம்’ என்ற யோசனையெல்லாம் தேவையில்லை. எதையாவது கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் குமட்டல் குறையலாம், அவ்வளவுதான்.

இது முட்டை வெளிவருவதைச் சில நாள் தள்ளிப்போடுகிறது. அதற்குள் காத்திருக்கும் விந்தணு செத்துவிடும். முட்டை ஏற்கெனவே வெளிவந்திருந்தால் மாத்திரையால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. சீக்கிரம் போடச் சொல்வதற்குக் காரணமே இதுதான். நீங்கள் தயங்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் முட்டை வெளிவந்துவிடக்கூடும். 72 மணி நேரம் தாண்டிவிட்டாலும் 120 மணி நேரம், அதாவது 5 நாள் வரை ஓரளவு பலன் இருக்கும். ஆனால் அந்தக் கட்டத்தில் கீழே சொல்லும் காப்பர் டி-தான் சரியான வழி.

இது கருக்கலைப்பு மாத்திரை இல்லை. கரு ஏற்கெனவே தங்கியிருந்தால் அதைக் கலைக்காது, அந்தக் கருவுக்குக் கெடுதலும் செய்யாது. ‘ஒரு தடவை போட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும், பிறகு குழந்தையே பிறக்காது’ என்பதும் பொய். இந்தப் பயத்தாலேயே மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். இந்த மாத்திரையால் மலட்டுத்தன்மை வராது.

போட்டு 2 முதல் 3 மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் இன்னொரு மாத்திரை போட வேண்டும். பால் கொடுக்கும் தாய்மார்களும் போடலாம். உடல் எடை அதிகம் உள்ளவர்களுக்கு, தோராயமாக 70 கிலோவுக்கு மேல், இதன் பலன் குறையலாம். அவர்கள் மாத்திரையோடு நிறுத்தாமல் காப்பர் டி பற்றியும் கேட்பது நல்லது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமசெபின், எச்.ஐ.வி.க்கு எஃபாவிரென்ஸ் எடுப்பவர்களுக்கும் இது சரியாக வேலை செய்யாது. அந்த மருந்தின் பெயரை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். காப்பர் டி போடச் சொல்வார், இல்லையென்றால் மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்குவார்.

எது அவசர மாத்திரை இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கோயிலுக்குப் போக, விசேஷத்துக்குப் போக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை இதற்கு உதவாது. அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் சாயா வார மாத்திரையும் உதவாது. பப்பாளிக்காய், அன்னாசி, எள்ளுருண்டை, வெல்லம், கருஞ்சீரகக் கஷாயம், மாடிப்படி ஏறி இறங்குவது, எதுவும் கர்ப்பத்தைத் தடுக்காது. பப்பாளி தின்று மூன்று நாள் காத்திருந்தால் மாத்திரைக்கு உரிய மூன்று நாளும் போய்விடும்.

கடையில் ‘இல்லை’ என்றால்

இந்தியாவில் இந்த மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று 2005-இல் அனுமதி வந்துவிட்டது. ஆனாலும் தமிழ்நாட்டில் பெரும்பாலான மெடிக்கல் ஷாப்களில் இதை வைப்பதில்லை. சென்னையிலேயே நாலு கடை ஏறி இறங்க வேண்டியிருக்கும். சின்ன ஊர்களில் கேட்கவே கூச்சம், கேட்டால் ஒரு பார்வை, அப்புறம் ‘ஸ்டாக் இல்லை’. அந்தப் பார்வைக்குப் பயந்து திரும்பி வந்துவிடாதீர்கள். கூட்டமான நேரமென்றால் மருந்தின் பெயரைப் போனில் தட்டிக் கடைக்காரரிடம் காட்டினால் போதும். ஆண் போய்க் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இந்த அலைச்சலாவது அவருடையதாக இருக்கட்டும்.

இரண்டு கடையில் இல்லை என்றால் மூன்றாவது கடையைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். மகப்பேறு மருத்துவமனைகளுக்கு உள்ளேயே மருந்தகம் இருக்கும், அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம். தெரிந்த லேடி டாக்டரிடம் போன் போட்டுக் கேட்கலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில், அதாவது பி.எச்.சி.யில், குடும்ப நலத் திட்டத்தின் கீழ் இந்த மாத்திரையை இலவசமாகத் தருவதற்கு ஏற்பாடு உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். இரவு நேரமென்றால் 104-க்கு போன் செய்து எங்கே போகலாம் என்று விசாரிக்கலாம். ஆன்லைன் ஆப்பில் ஆர்டர் போடுவதாக இருந்தால் டெலிவரி நேரத்தைப் பாருங்கள். மூன்று நாளில் வரும் மாத்திரையால் பிரயோஜனம் இல்லை. இலங்கையில் இருப்பவர்கள் பார்மசியில் போஸ்டினோர் என்று கேட்டு வாங்கலாம். அங்கே தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்குத் தவிர வேறு எதற்கும் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதால், இந்த முதல் நாள் அங்கே இன்னும் முக்கியம்.

எங்குமே கிடைக்கவில்லை என்றால் பழைய வழி ஒன்று இருக்கிறது. மாலா-டி, மாலா-என் என்ற தினசரி கருத்தடை மாத்திரைகளில் இதே மருந்து குறைந்த அளவில் ஈஸ்ட்ரோஜனோடு சேர்ந்து இருக்கிறது. ஹார்மோன் உள்ள வெள்ளை மாத்திரையில் 4 இப்போது, சரியாக 12 மணி நேரம் கழித்து இன்னொரு 4. அட்டையில் வேறு நிறத்தில் இருக்கும் 7 மாத்திரைகள் வெறும் இரும்புச்சத்து, அவற்றைத் தொடாதீர்கள். இந்த முறையில் குமட்டல் அதிகம், பலனும் அவசர மாத்திரையைவிடக் குறைவு. ரத்தம் உறையும் பிரச்சினை, பக்கவாதம், கடுமையான ஒற்றைத் தலைவலி இருந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. மற்றவர்களும் ஒரு டாக்டரிடமோ செவிலியரிடமோ போனிலாவது கேட்டுவிட்டு எடுப்பது நல்லது.

காப்பர் டி

இதைப் பற்றிப் பலருக்குத் தெரியாது, ஆனால் இருப்பதிலேயே பலமான வழி இதுதான். உறவு நடந்து 5 நாளுக்குள் காப்பர் டி போட்டுக்கொண்டால் 99 சதவீதத்துக்கு மேல் கர்ப்பம் தடுக்கப்படும். 5 நாளும் அதே பலன். செம்பு விந்தணுவைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதால், மாத்திரை தோற்கும் நாள்களிலும் இது வேலை செய்யும். எடையும் இதற்கு ஒரு பொருட்டில்லை.

அரசு மருத்துவமனைகளில் இலவசம். போடுவதற்குச் சில நிமிடங்கள் ஆகும், மாதவிலக்கு வலி மாதிரி அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். காப்பர் டி 380ஏ என்ற வகை 10 வருடம் வரை தாங்கும், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். இன்னும் குழந்தை பெறாதவர்களுக்கும் போடலாம். ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தாலோ, கர்ப்பப்பையில் தொற்று இருந்தாலோ போட மாட்டார்கள். போனவுடன் ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘ஆணுறை கிழிந்து இத்தனை மணி நேரம் ஆகிறது, அவசரத்துக்குக் காப்பர் டி போட வேண்டும்’ என்று சொல்லுங்கள். இல்லையென்றால் ‘அடுத்த மாதவிலக்கு வந்த பிறகு வாங்க’ என்று திருப்பி அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது.

நோய்த்தொற்று

கர்ப்பத்தைப் பற்றியே யோசித்து இதை மறந்துவிடுகிறார்கள். இருவரும் ஏற்கெனவே பரிசோதனை செய்துகொண்டவர்கள், வேறு உறவில்லை என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். இணையருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, அல்லது அவருடைய நிலை தெரியாது, பயப்படக் காரணம் இருக்கிறது என்றால், அதைத் தடுக்கவும் மருந்து உண்டு. 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது மிக நல்லது. 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். ஏ.ஆர்.டி. மையம், அதாவது எச்.ஐ.வி. சிகிச்சை மையம் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள், இரவென்றால் அவசரப் பிரிவுக்கே போகலாம். 1097 என்ற கட்டணமில்லாத எண்ணில் வழி கேட்கலாம். எச்.ஐ.வி. பரிசோதனை தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் இலவசம், ரகசியம் காப்பார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவர்கள் அதையும் கேளுங்கள்.

சம்மதமில்லாமல் நடந்திருந்தால், அல்லது ஆணுறையை அவர் வேண்டுமென்றே கழற்றியிருந்தால், 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. பாலியல் வன்முறைக்கு உள்ளானவருக்கு அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் உடனே இலவச சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். முதலில் போலீஸுக்குப் போய் வா என்று சொல்ல அவர்களுக்கு உரிமை கிடையாது.

மாத்திரை போட்ட பிறகு

குமட்டல், தலைவலி, மார்பகங்களில் வலி, அசதி ஒன்றிரண்டு நாள் இருக்கலாம். சிலருக்குச் சில நாள் கழித்து லேசாக ரத்தம் படும். அதைப் பார்த்து ‘பீரியட்ஸ் வந்துவிட்டது, தப்பித்தோம்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது மாத்திரையின் விளைவாக இருக்கலாம், கரு ஒட்டும்போதும் சிலருக்கு அப்படிப் படும். அடுத்த மாதவிலக்கு ஒரு வாரம் முன்னேயோ பின்னேயோ வரலாம்.

அந்த மாதம் முழுக்கக் கவனமாக இருக்க வேண்டும். மாத்திரை ஏற்கெனவே நடந்த உறவுக்குத்தான், இனி நடப்பதற்கு இல்லை. முட்டை வெளிவருவது தள்ளித்தான் போயிருக்கிறது. போன வாரம் போட்ட மாத்திரை காப்பாற்றும் என்று இந்த வாரம் ஆணுறை இல்லாமல் இருந்தால், தள்ளிப்போன முட்டை அந்த நேரத்தில் வெளிவந்து நிற்கும்.

டெஸ்ட் எப்போது?

மறுநாளே டெஸ்ட் கிட் வாங்கிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. கரு ஒட்டிய பிறகுதான் எச்.சி.ஜி. ஹார்மோன் சிறுநீரில் வரும். உறவு நடந்து 3 வாரம் கழித்துப் பார்த்தால் முடிவை நம்பலாம். மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனாலும், வழக்கத்தைவிட ரொம்பக் குறைவாகப் பட்டாலும் பார்த்துவிடுங்கள். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் லேபில் பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை செய்யலாம், அது சில நாள் முன்னதாகவே காட்டும்.

காலையில் எழுந்தவுடன் வரும் முதல் சிறுநீரைச் சுத்தமான கிண்ணத்தில் பிடியுங்கள். கிட்டில் உள்ள குழாயால் குழியில் 2, 3 சொட்டு விட்டு 5 நிமிடம் காத்திருங்கள். சி என்ற இடத்தில் மட்டும் கோடு வந்தால் கர்ப்பம் இல்லை. சி, டி இரண்டிலும் வந்தால் கர்ப்பம். டி கோடு மங்கலாக இருந்தாலும் அது கர்ப்பம்தான், கண்ணைச் சுருக்கிப் பார்த்து இல்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். சி கோடே வரவில்லை என்றால் கிட் சரியில்லை, வேறு வாங்குங்கள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்து வரும் கோட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் கடுமையான வலி, அதோடு ரத்தப்போக்கு, தோள்பட்டையில் வலி, மயக்கம் என்று ஏதாவது வந்தால் டெஸ்ட், கோடு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கரு குழாயில் தங்கியிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து.

பாசிட்டிவ் என்றால்

அழுகை, கோபம், ஒருவரையொருவர் குற்றம் சொல்வது எல்லாம் வரும். ஆனால் ஒரு வாரத்துக்குள் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். கர்ப்பத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். நாள் தள்ளிப்போனது தெரியும்போதே கணக்கில் 4 வாரம் தாண்டியிருக்கும். ‘போன மாதம்தானே’ என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கில் ஏமாந்துபோகிறார்கள்.

குழந்தையைப் பெற்றுக்கொள்ள முடிவு செய்தால், நீங்கள் போட்ட அவசர மாத்திரையால் குழந்தைக்கு ஊனம் வராது. அந்தப் பயத்தில் கலைக்க வேண்டியதில்லை. ஃபோலிக் ஆசிட் தொடங்குங்கள், பி.எச்.சி.யில் பதிவு செய்யுங்கள்.

வேண்டாம் என்றால், இந்தியாவில் கலைப்பதற்குச் சட்டம் இடம் தருகிறது. 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தில், கருத்தடை முறை தோற்றுப்போவதையே கர்ப்பத்தைக் கலைக்க ஒரு காரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். 2021-இல் அதைத் திருத்தியபோது ‘கணவர்’ என்று இருந்த இடத்தில் ‘இணையர்’ என்று மாற்றினார்கள். அதனால் கல்யாணம் ஆகாதவர்களுக்கும் இது பொருந்தும். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். குறிப்பிட்ட சில நிலைகளில் இரண்டு டாக்டர்களின் கருத்தோடு 24 வாரம் வரை அனுமதி உண்டு. கல்யாணம் ஆகாதவர்களை அதிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்தது.

18 வயது நிரம்பிய பெண்ணின் கையெழுத்து மட்டும் போதும். கணவரின் கையெழுத்து, அம்மா அப்பாவின் கையெழுத்து என்று கேட்டால், சட்டத்தில் அப்படி இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். உங்கள் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பதும் சட்டம். ‘காப்பர் டி போட்டுக்கொண்டால்தான் செய்வோம்’ என்ற நிபந்தனைக்கும் நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. 18 வயதுக்குக் கீழ் என்றால் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும், போக்சோ சட்டப்படி டாக்டர் காவல்துறைக்குத் தகவலும் தர வேண்டியிருக்கும். ஆனால் அந்தப் பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரையும் அடையாளத்தையும் அதில் தர வேண்டியதில்லை என்று அதே தீர்ப்பு சொல்கிறது. அதனால் பயந்து ஒளிக்காமல் நம்பிக்கையான ஒரு பெரியவரோடு டாக்டரிடம் போவதுதான் பாதுகாப்பு.

9 வாரம் வரை மாத்திரையால் கலைக்கலாம். முதலில் மிஃபெப்ரிஸ்டோன், ஒன்றிரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால். டாக்டர் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது. ஆனாலும் யாரோ ஒரு நண்பர் வழியாக அட்டையை வாங்கி வீட்டில் ரகசியமாகப் போட்டுவிட்டு, ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடும் பெண்கள் உண்டு. எத்தனை வாரம், கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா, ரத்தசோகை இருக்கிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும். டாக்டர் சொன்னபடி போட்ட பிறகும், தொடர்ந்து இரண்டு மணி நேரம் மணிக்கு 2 பெரிய நாப்கின் அல்லது அதற்கு மேல் நனைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே போங்கள். இரண்டு வாரம் கழித்து முழுதாகக் கலைந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்வார்கள், அதைத் தவறவிடக் கூடாது.

அடுத்த முறை கிழியாமல் இருக்க

ஆணுறையைச் சரியாக, ஒவ்வொரு முறையும் பயன்படுத்தினால் ஒரு வருடத்தில் 100 ஜோடிகளில் 2 ஜோடிக்குத்தான் கர்ப்பம் ஆகும். நடைமுறையில் அது 13 ஆகிறது. இந்த வித்தியாசம் பெரும்பாலும் நம் பழக்கத்தால் வருவது.

முதல் எதிரி எண்ணெய். தேங்காய் எண்ணெய், பேபி ஆயில், வாஸலின் எது பட்டாலும் லேடெக்ஸ் ரப்பர் சில நிமிடங்களிலேயே பலம் இழந்துவிடும். நம் வீடுகளில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய்தான் என்பதால் இது நிறைய நடக்கிறது. வழவழப்பு வேண்டுமென்றால் தண்ணீர் சார்ந்த ஜெல் வாங்குங்கள். வறட்சியாக இருந்தாலும் கிழியும், அதனால் ஜெல்லுக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள்.

அடுத்தது வைக்கும் இடம். பின் பாக்கெட் பர்ஸ், பைக் டேங்க் பை, கார் டேஷ்போர்டு இந்த மூன்றும் ஆணுறையைச் சூட்டில் கெடுக்கும். போடுவதற்கு முன் உறையை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே காற்றுமெத்தை மாதிரி அமுங்க வேண்டும். தட்டையாக இருந்தால் காற்று போய்விட்டது, தூக்கிப் போடுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். பல்லால் கிழிக்காதீர்கள். போடும்போது முனையைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றி, கடைசி வரை உருட்டி விடுங்கள். தலைகீழாகப் போட்டுவிட்டுத் திருப்பிப் போடுவதும் வேண்டாம், புதியதை எடுங்கள். பாதுகாப்பு கூடும் என்று இரண்டைச் சேர்த்துப் போட்டால் உராய்ந்து கிழியும்.

கழன்றுவிடும் பிரச்சினை பெரும்பாலும் முடிந்த பிறகுதான் வருகிறது. விந்து வந்தவுடன், விறைப்பு தளரும் முன், அடி வளையத்தைக் கையால் பிடித்துக்கொண்டு வெளியே எடுக்க வேண்டும். அடிக்கடி கிழிகிறது என்றால் அளவு சின்னது, அடிக்கடி கழல்கிறது என்றால் பெரியது. வேறு அளவு வாங்கிப் பாருங்கள். பி.எச்.சி.யில் இலவசமாகத் தரும் நிரோத்தும் சோதனை செய்து வருவதுதான், காசு கொடுத்து வாங்கவில்லை என்பதற்காக அதைச் சந்தேகப்பட வேண்டாம்.

ஒரு வருடத்தில் இரண்டாவது முறை அவசர மாத்திரை தேடும் நிலை வந்தால், ஆணுறையோடு வேறொரு முறையையும் சேர்த்துக்கொள்ளும் நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தினசரி மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, காப்பர் டி மூன்றுமே அரசு மருத்துவமனைகளில் இலவசம். தமிழ்நாட்டில் இருப்பவர்கள், பெங்களூரோ வேறு மாநிலமோ போகும்போது ஓர் அவசர மாத்திரையை வாங்கி வந்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அட்டையின் காலாவதித் தேதியைப் போன் காலண்டரில் ஏற்றிவையுங்கள்.